பதிமூணு காலனி

"ஊரா, இல்ல…"

இப்டி பாதி கேட்டுட்டு மீதிய முழுங்கிடுவாங்க. உங்களையும் யாராச்சும் கேட்டிருப்பாங்க. இல்லாங்காட்டி நீங்க யாரையாச்சும் கேட்டிருப்பீங்க. எங்க அத்தகிட்ட மட்டும் அப்டி கேட்டுட்டு தப்பிக்க முடியாது. முழுங்குன பாதிய வெளிய எடுக்காம உடாது.

"இல்ல? இல்லன்னா இன்னா? சொல்லு. சொன்னா வாயி வெந்துடாது."

கேட்டவன் தலய சொறிவான். செல்லப் பாப்பான். பஸ்சு வருதான்னு எட்டிப் பாப்பான். அத்த நவுறாது. கடைசில அவன் ரொம்ப மெதுவா, என்னமோ கெட்ட வார்த்த பேசற மாதிரி, "காலனியா"ன்னு கேப்பான்.

"ஆங். காலனி. அவ்ளோதான? இதுக்காடா இவ்ளோ மூச்சு புடிச்ச?"

சிரிச்சிட்டு பைய எடுத்துகினு நடந்துடும்.

அத்த பூடுச்சு. இன்னும் காரியம் கூட ஆவல. காரியத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சி ரோட்டு மொனையில கட்டணும். அதுல அட்ரஸ் இன்னா போடறதுன்னு எனுக்கும் எங்க நைனாவுக்கும் வூட்ல பெரிய சண்ட. அந்தச் சண்ட இன்னான்னு புரியணும்னா அத்தயப் பத்தி சொல்லணும். அத்த பேர நான் இங்க எழுதல. ஊரு பேரும் எழுதல. எழுதுனா வேற மாதிரி ஆயிடும்னு நைனா சொல்லுது. அத்தன்னே இருக்கட்டும். நான் பத்தாவது பெயிலு, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

புதுப்பட்டினத்துலேந்து செங்கல்பட்டு போற வழில தான் எங்க எடம். பஸ்ச உட்டு எறங்குனா ரோட்டுக்குக் கெழக்கால ஊரு. கோயிலு, பள்ளிக்கூடம், ரேசன் கட, தண்ணி டேங்கு எல்லாம் அங்க. ரோட்டுக்கு மேற்கால நாங்க. நடுவுல கீறது சின்ன ரோடு தான். ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தா ஒண்ணு மண்ணுல எறங்கும். அவ்ளோ சின்னது.

அத்த எங்க நைனாவுக்கு அக்கா. கட்டிக் குடுத்த எடத்துல சரியில்லன்னு திரும்பி வந்து எங்ககூட இருந்துச்சு. எங்கம்மா நான் கைக்கொழந்தயா இருக்கசொல்ல செத்துட்டாங்க. அதனால எனுக்கு தல வாரி உட்டது, அடிச்சது, சோறு ஊட்டுனது எல்லாம் அத்த தான். நல்லா உயரம். பொடவ மேல ஆம்பள சட்ட போட்டுக்கும். ஈசிஆர் ஓரத்துல வில்லா கட்டி உட்டிருக்காங்கல்ல, அதுல ஒண்ணுல தோட்ட வேல. முள்ளு கிழிக்காம இருக்க சட்ட. வேல முடிஞ்சும் கழட்டாது. "இதுல பாக்கெட்டு கீதுடி. பொடவைல எவன் பாக்கெட்டு வெச்சான்?"னு கேக்கும்.

அந்த வில்லாவுல ஒரு மேடம். ஐடில வேல. நல்லவங்க, கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். ஒரு நாளு செடிக்கு பக்கத்துல நின்னுகினு போன்ல யாருக்கோ வழி சொல்லிகினு இருந்தாங்களாம். "மெயின் ரோட்லேந்து உள்ள வந்தா எங்க காலனி கேட் தெரியும். யார கேட்டாலும் எங்க காலனி தெரியும்"னு. அத்த மண்வெட்டிய ஊனிகினு கேட்டுகினே இருந்துச்சாம். போன வெச்சதும், "மேடம், நீங்களும் காலனியா?"ன்னு கேட்டுடுச்சு.

"ஆமாங்க்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நானும் காலனி தான்."

அந்த மேடத்துக்கு ஒண்ணும் புரியல. "அப்டியா, எந்த காலனி? லிஃப்ட் எல்லாம் இருக்கா?"ன்னு கேட்டாங்களாம். அத்த சாயந்திரம் பஸ்ல எங்கூட வரசொல்ல இத சொல்லி சொல்லி சிரிச்சுது. கண்டக்டரு சிரிச்சாரு. பஸ்ல பின்னாடி நின்னுகினு இருந்த எங்காளுங்க எல்லாம் சிரிச்சாங்க. முன்னாடி சீட்ல ரெண்டு பேரு சிரிக்கல. வெளிய பாத்துகினு வந்தாங்க. அத்த அதையும் பாத்துச்சு. எறங்கசொல்ல என் காதுல, "பாத்தியா, ஒரு வார்த்த தான். அவங்க வாயில வந்தா கேட் போட்ட வூடு. நம்ம வாயில வந்தா சன்னலுக்கு வெளிய பாக்கறாங்க"ன்னு சொல்லிச்சு. அப்ப சிரிக்கல.

அந்த வார்த்த மேல அத்தைக்கு எங்கேந்து இவ்ளோ புடிப்புன்னு கேட்டா, நான் ஒம்பதாவது படிச்ச வருசத்த சொல்லணும்.

சாயந்திரம் ஆனா நான் வாசல்ல உக்காந்து சத்தமா படிக்கணும். அத்த அடுப்புகிட்ட இருந்து கேக்கும். அதுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆனா கேக்கறது தான் புடிக்கும். அன்னிக்கு சமூக அறிவியல். இங்கிலீஷ்காரங்க அமெரிக்காவோட கெழக்குக் கடலோரத்துல பதிமூணு காலனி உண்டாக்குனாங்கன்னு பாடம்.

கரண்டிய வெச்சிட்டு அத்த வெளிய வந்துச்சு.

"இன்னாடி சொன்ன?"

"பதிமூணு காலனி அத்த."

"இங்கிலீஷ்காரனுக்கா?"

"ஆமா."

"வெள்ளக்காரனுக்கும் காலனி கீதா!"

அத்த மொகத்துல அப்டி ஒரு சந்தோசம். எங்கியோ தொலஞ்சி போன சொந்தக்காரன் வெலாசம் கெடச்ச மாதிரி. "பதிமூணா! நம்ம ஒண்ணுக்கே தண்ணி டேங்கு வரல. பதிமூணுக்கும் எப்டிடி தண்ணி உட்டான்?"

வெளையாடுதுன்னு நெனச்சேன். இல்ல. அத்த நெசமாவே அப்டி தான் நெனச்சிகினு இருந்துச்சு. காலனின்னா ஊருக்கு வெளிய தள்ளி வெச்ச எடம். அதத் தவுர வேற அர்த்தம் அதுக்குத் தெரியாது. எனுக்கும் தான் தெரியாது. ரெண்டு பேரும் அப்டியே அந்தப் பாடத்த படிச்சோம்.

"அவங்க ஊர்ல அவங்கள தள்ளி வெச்சிட்டாங்களாடி?"

பொஸ்தகத்துல தேடுனேன். "ஆமா அத்த. சாமி கும்புடற விசயத்துல ராஜாவுக்கும் கொஞ்சப் பேருக்கும் ஆவலயாம். கெளம்பி கப்பல்ல வந்துட்டாங்க."

"அதான பாத்தேன். அப்புறம்?"

"ஏழைங்களும் வந்தாங்களாம். கப்பல் கூலி இல்லாதவங்கள எவனாச்சும் ஏத்திகினு வருவானாம். அதுக்குப் பதிலா அவன் பண்ணையில பல வருசம் சம்பளம் இல்லாம ஒழைக்கணுமாம். நடுவுல ஓடிட்டா புடிச்சினு வந்து இன்னும் கொஞ்ச காலம் சேத்துடுவாங்களாம்."

"படியாளு"ன்னு அத்த சொல்லிச்சு. அத்தயோட அப்பா, எங்க தாத்தா, கெழக்கால ஊர்ல ஒரு வூட்டுக்குப் படியாளா இருந்தவரு. அவர நான் பாத்ததில்ல. "வெள்ளக்காரன்லயும் படியாளு கீறான் பாரு"ன்னு சொல்லிட்டு எம்பக்கத்துல உக்காந்துக்குச்சு.

மொத குளிர் காலத்துல பசியிலயும் நோவுலயும் பாதிப் பேரு செத்துட்டாங்கன்னு டீச்சர் சொன்னத சொன்னேன். அத்த அழுதுடுச்சு. பொய்யில்ல, கண்ணுல தண்ணி வந்துச்சு. "கடல தாண்டி வந்து பட்டினில செத்துதுங்களா"ன்னு கேட்டு மூக்க சட்டைல தொடச்சுது.

"மீதிப் பேருக்கு யாருடி சோறு போட்டா?"

"அங்க ஏற்கெனவே இருந்தவங்க. சோளம் குடுத்து, எப்டி வெதைக்கறதுன்னும் காட்டுனாங்களாம்."

"மகராசனுங்க. அப்புறம்?"

"அப்புறம் வந்தவங்க பொகையில போட்டாங்க. நல்லா வித்துச்சு. நெலம் பத்தல. ஆப்பிரிக்காவுலேந்து ஆளுங்கள புடிச்சினு வந்து வேல வாங்குனாங்க. சோறு போட்டவங்கள அங்கேந்து தள்ளிட்டாங்க."

"எங்க தள்ளுனாங்க?"

"மேற்கால."

அத்த ரோட்டயே பாத்துகினு இருந்துச்சு. அந்தப் பக்கம் ஊர்ல வெளக்கு போட்டிருந்தாங்க. உள்ள சோறு அடி புடிச்சி வாசன வந்துச்சு, அதுக்கும் எழுந்திரிக்கல. அப்புறம் என் பொஸ்தகத்த வாங்கி அந்தப் பக்கத்துல வெரல வெச்சிச்சு.

"மாத்திப் போட்டுட்டாங்கடி. சோத்தப் போட்டுட்டு மேற்கால போனாங்க பாரு, அவங்க கீற எடம் தான் காலனி. இவன் போயி உக்காந்துக்கறது ஊரு. பதிமூணு ஊருன்னு போடணும்."

நான் அத அப்டியே பரீட்சைல எழுதுனேன். பதிமூணு காலனி பத்தி குறிப்பு கேட்டிருந்தாங்க. அது காலனி இல்ல, ஊரு, காலனி மேற்கால கீதுன்னு எழுதுனேன். காரணமும் எழுதுனேன். டீச்சர் பேப்பர் குடுக்கசொல்ல என்ன எழுப்பி நிக்க வெச்சி, "இது யாரு சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டாங்க. "எங்க அத்த"ன்னேன். கிளாசே சிரிச்சுது. டீச்சர் சிரிக்கல. "நாளைக்கு அவங்கள வரச் சொல்லு"ன்னு மட்டும் சொன்னாங்க.

அத்த தலைக்கு எண்ண வெச்சி, நல்ல பொடவ கட்டி, மேல தொவச்ச சட்ட போட்டுகினு வந்துச்சு. டீச்சர் வெளியூரு, மதுரப் பக்கம். சின்ன வயசு. நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க.

"அம்மா, பாடத்துல வர்ற காலனி வேற. வெளிநாட்டுக்காரங்க போயி குடியேறுன எடம். நீங்க நெனைக்கிறது வேற. அது வந்து… நம்ம பக்கத்துல சொல்றது… அது இந்த…"

"சொல்லுங்க டீச்சர். வாயி வெந்துடாது."

டீச்சருக்கு மொகம் செவந்துடுச்சு.

"ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சது யாரு டீச்சர்? நானா? நான் வெச்சிருந்தா மாத்திக்கறேன்."

வெளிய பசங்க கபடி வெளையாடற சத்தம். அப்புறம் டீச்சர் மெதுவா சொன்னாங்க, "நீங்க கேக்கறதுல தப்பில்லம்மா. ஆனா பரீட்சைக்கு பொஸ்தகத்துல கீறத எழுதட்டும். பேப்பர் திருத்தறவங்களுக்கு உங்கள தெரியாது." அவங்களுக்கே எங்க பேச்சு ஒட்டிகிச்சு, 'கீறத'ன்னு சொன்னாங்க. அத்தைக்கு அதுலயே பாதிக் கோவம் பூடுச்சு.

"அது நாயம்"னு சொல்லிட்டு எழுந்துச்சு. வர்ற வழில என் தலைல கை வெச்சி, "உனுக்கு மார்க்கு வோணும். எனுக்கு நாயம் வோணும். ரெண்டும் ஒரே பேப்பர்ல வராது போலடி. நீ மார்க்க வாங்கு"ன்னு சொல்லிச்சு. நான் அதையும் வாங்கல. அடுத்த வருசம் கணக்குல போச்சு.

பாடத்த அத்த மறக்கவே இல்ல. குளிர்ல செத்தவங்கள நெனச்சிகினே இருக்கும். ஒரு லீவு நாளு, "நம்ம பக்கத்துலயே கப்பல்ல வந்தவங்கள பொதச்ச எடம் கீதாமே"ன்னு என்ன சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு கூட்டினு போச்சு. அவங்க இங்கிலீஷ்காரங்க இல்ல, டச்சுக்காரங்கன்னு சொன்னேன். "எவனா இருந்தா இன்னா, கப்பல் தான"ன்னுச்சு.

கடலோரம் இடிஞ்ச கோட்ட. உள்ள கல்லறைங்க. கல்லு மேல கப்பலு, மண்ட ஓடு, பூவுன்னு என்னென்னமோ செதுக்கி வெச்சிருந்தாங்க. எழுத்து எங்களுக்குப் படிக்க வரல. வாட்ச்மேன் கதவத் தொறந்து உட்டு கூடவே நின்னாரு.

"இவங்க இன்னாத்துக்கு வந்தாங்க அண்ணாத்த?"

"துணி வாங்கத்தாம்மா. இந்தப் பக்கம் நல்ல மெலிசு துணி நெய்வாங்களாம். வாங்கி கப்பல்ல ஏத்தி அனுப்புவாங்க."

அத்த செவுத்த மேலயும் கீழயும் பாத்துச்சு. "துணி வாங்க வந்தவனுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய செவுரு? நாங்களும் தான் தீவாளிக்கு துணி வாங்கறோம்."

வாட்ச்மேன் வாய உட்டு சிரிச்சிட்டாரு. ஒரு கல்லறை மத்தத உட சின்னதா இருந்துச்சு. "கொழந்தயா?"ன்னு கேட்டுச்சு. அவரு தெரியாதுன்னாரு. அத்த உக்காந்து அந்தக் கல்லு மேல கெடந்த காஞ்ச எலைய எல்லாம் கையால தள்ளி சுத்தம் பண்ணுச்சு. வில்லாவுல பண்ற மாதிரியே. "தண்ணி ஒத்துக்கல போல. பாவம்"னு அதுகிட்டயே பேசுச்சு.

கெளம்பசொல்ல வாட்ச்மேன் எந்த ஊருன்னு கேட்டாரு. அத்த எங்க ஊரு பேர சொல்லிச்சு. "ஓ, அங்கயா. ஊரா, இல்ல…"

"அண்ணாத்த, உள்ள படுத்துகினு கீறாங்களே, அவங்கள கேட்டீங்களா ஊரா காலனியான்னு? கேட்டு சொல்லுங்க, நான் அடுத்த வாரம் வரேன்."

இதெல்லாம் கேக்க நல்லா இருக்கும். கூட இருக்கறவங்களுக்கு எப்பவும் நல்லா இருக்காது. அதையும் சொல்லணும்ல.

நைனா ஒரு காண்ட்ராக்டருகிட்ட வேன் ஓட்டுது. வேலைல யாரு கேட்டாலும் புதுப்பட்டினம்னு சொல்லிடும். ஒரு தடவ அத்தயும் நைனாவும் புதுப்பட்டினம் மார்க்கெட்ல நிக்கசொல்ல, நைனாகூட வேல பாக்கற டிரைவரு ஒருத்தரு வந்தாரு. தெனம் நைனாகூட தான் அவருக்கு நாஸ்தா, டீ எல்லாம். "மச்சான், உன் வூடு இங்க எந்தத் தெருவு? பொண்ணு கல்யாணப் பத்திரிக வெக்க வரணும்"னு கேட்டாரு. நைனா, "மார்க்கெட்டுக்கு பின்னால தான்"னு இழுத்துச்சு.

"டேய், மார்க்கெட்டுக்கு பின்னால கடல் தான் கீது. கடல்லயா கீறோம்?"னு அத்த கேட்டுடுச்சு. அந்தாளுகிட்ட திரும்பி எங்க எடம், காலனின்னு முழுசா சொல்லிடுச்சு.

பத்திரிக வரல. அந்தாளு அதுக்கப்புறம் நைனாகூட உக்காந்து சாப்புடலயாம். சண்டயும் போடல. டிபன் பாக்ஸ எடுத்துகினு வேற வேன்ல போயி உக்காந்துக்குவாராம்.

நைனா அத்தகிட்ட பொங்கல் வரைக்கும் பேசல. பேசுனப்ப இத தான் சொல்லிச்சு: "நீ நெசத்த பேசிட்டு செடிக்கு தண்ணி ஊத்தப் பூடற. அங்க தெனம் போயி நிக்கறது நானு."

அத்த அடுப்ப ஊதிகினே இருந்துச்சு. எங்க வூட்ல கேஸ் அடுப்பு. ஊத வேண்டிய அவசியமே இல்ல. அன்னிக்கு எனுக்கு அத்த மேல கோவம் வந்துச்சு. நைனா சொன்னதுலயும் நாயம் கீதுன்னு தான் இன்னிக்கும் நெனைக்கறேன்.

அப்புறம் தான் கவர்மெண்ட்டுலேந்து அந்த உத்தரவு வந்துச்சு. எங்கயும் காலனின்ற வார்த்த இருக்கக் கூடாது, எடுத்துடணும்னு. ரோட்டு மொனையில எங்க எடத்துக்கு ஒரு போர்டு உண்டு. ஊரு பேரு, பக்கத்துல காலனி, கீழ ஒரு அம்புக்குறி. ஒரு நாளு ஆளு வந்து காலனின்ற எழுத்து மேல மட்டும் வெள்ள பெயிண்ட் அடிச்சிட்டுப் போனான். ஊரு பேரு நின்னுச்சு. பக்கத்துல வெள்ளையா ஒரு கட்டம்.

அத்தைக்கு அன்னிக்கு இருந்த சந்தோசத்த நான் பாத்ததே இல்ல. காலனின்னு எல்லாரையும் சொல்ல வெச்ச பொம்பள, அந்த வார்த்த போனதுக்கு அழுவும்னு நெனச்சேன். கேட்டேன்.

"பைத்தியம். எனுக்கு அந்த வார்த்த மேல ஆசன்னா நெனச்ச? இருக்கறத மறச்சிகினு பேசக் கூடாதுன்னேன். இப்ப இல்ல. போர்ட பாரு. ஊரு பேரு மட்டும் தான் கீது. இதான் கரெக்டு. அப்டியே உடுங்கடா"ன்னுச்சு.

அப்டியே உட மாட்டாங்கல்ல. பஞ்சாயத்துல கூட்டம் போட்டாங்க. தலைவரு, "காலனிக்கு பதிலா ஒரு நல்ல பேரா சொல்லுங்க. மல்லிகை நகர் வெக்கலாமா? ரோஜா நகர் வெக்கலாமா?"ன்னு கேட்டாரு. எங்க பசங்க, செலையா நிக்கற பெரிய தலைவருங்க பேரு சொன்னாங்க. அத்த எழுந்துச்சு.

"எங்களுக்கு பூவு பேரு வோணாங்க. ஊரு பேரு போதும்."

"அது ஊருக்கு கீதேம்மா."

"அதே தாங்க. அப்ப நாங்க எந்த ஊரு?"

ஊருப் பெரியவரு ஒருத்தரு, "ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பேரு வெச்சா போஸ்ட்மேனு கொழம்பிடுவான்"னாரு.

"போஸ்ட்மேன நான் பாத்துக்கறேன். நீங்க கொழம்பாதீங்க."

சிரிப்பு வந்துச்சு, ஆனா முடிவு வரல. கடைசில மல்லிகை நகர்னு எழுதி அனுப்பிட்டாங்க. பெயிண்ட் அடிக்கற ஆளு இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு பேச்சு. அவன் வரல. அத்த தெனம் பஸ்லேந்து எறங்குனதும் மொத போர்ட பாக்கும். வெள்ளையா இருந்தா, "இன்னும் உட்டு வெச்சிருக்கான்"னு சொல்லிட்டு தான் ரோட்டத் தாண்டும்.

காச்சல் வந்தப்பவும் வேலைக்குப் போச்சு. மஞ்ச காமாலன்னு தெரியசொல்ல கண்ணு முழுக்க மஞ்ச. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோல போனோம். போர்டு தாண்டசொல்ல என் மடியிலேந்து தலயத் தூக்கிப் பாத்துச்சு. ஆஸ்பத்திரில சீட்டு போடற பொண்ணு நல்ல பொண்ணு, தன்மையா கேட்டாங்க, "அட்ரஸ் சொல்லுங்கம்மா."

அத்த ஊரு பேரு சொல்லிச்சு. அப்புறம் மூச்சு வாங்கிகினே, "பின்னாடி ஒண்ணும் இல்லமா. வெள்ள அடிச்சிட்டாங்க"ன்னுச்சு.

அந்தப் பொண்ணுக்குப் புரியல. எனுக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறம் அத்த தெளிவா பேசல.

எடுக்கற அன்னிக்கு தலைவரு வந்து மாலை போட்டாரு. கெழக்காலேந்து ஒரு நாலஞ்சு பேரு ரோட்டத் தாண்டி வந்து நின்னாங்க. எங்க பக்கத்து சாவுக்கு அவங்க வந்து நான் பாத்ததில்ல. அதனால தான் நைனா சொல்லுச்சு, ஃப்ளெக்ஸ்ல மல்லிகை நகர்னு போடுன்னு. "தலைவரு மனசு நோவக் கூடாது. வந்தவங்க மனசு நோவக் கூடாது. எங்கக்கா போட்ட சண்டைய நாமளும் போடணுமா?" நான் ஊரு பேரு மட்டும் தான் போடணும்னேன். அந்த ஃப்ளெக்ஸ் கட்டறது அந்த போர்டுக்குக் கீழ. அத்த மொகத்துக்குக் கீழ மல்லிகை நகர்னு எப்டி போடறது? ரெண்டு பேரும் கத்துனோம். நைனா என்ன அடிக்க கை ஓங்குச்சு. அடிக்கல. உக்காந்து அழுதுச்சு.

நேத்து ரெண்டு பேரும் வண்டில புதுப்பட்டினம் போனோம். ஃப்ளெக்ஸ் கடைல ஒரு பையன், காதுல கடுக்கன் போட்டிருந்தான். என் செல்லுலேந்து அத்த போட்டாவ எடுத்து கம்ப்யூட்டர்ல பெருசாக்குனான். அத்த மொகம் அந்த ஸ்கிரீன் முழுக்க வந்துச்சு.

"சட்டய எடுத்துட்டு பட்டுப் பொடவ மாத்திடட்டாக்கா? நெறைய டிசைன் கீது. நகையும் போட்டுடலாம்."

நான் பேசறதுக்கு முன்னாடி நைனா, "சட்ட இருக்கட்டும்"னுச்சு.

பையன் சரின்னு மாலை வெச்சான், வெளக்கு வெச்சான், பேரு அடிச்சான். "அட்ரஸ் சொல்லுங்கண்ணா."

நைனா என்னப் பாத்துச்சு. நான் தரையப் பாத்தேன். இப்ப மல்லிகை நகர்னு சொல்லிடும், அவ்ளோதான்னு நெனச்சேன். நைனா ஊரு பேரு சொல்லிச்சு. சொல்லிட்டு மேல பேசாம நின்னுச்சு.

பையன் அடிச்சிகினே, திரும்பாம, "ஊரா, இல்ல…"ன்னு கேட்டான்.

ஸ்கிரீன்ல அத்த சட்டயோட எங்கள பாத்துகினே இருந்துச்சு.

"இல்ல?"ன்னு நைனா கேட்டுச்சு.

பையன் திரும்பிப் பாத்தான்.

"இல்லன்னா இன்னாபா? சொல்லு. சொன்னா வாயி வெந்துடாது."

எங்க நைனா தான். புதுப்பட்டினம்னு சொல்ற நைனா. கண்ணு, மூக்கு எல்லாம் ஊத்துது, தொடைக்கல, அந்தப் பையனையே பாத்துகினு நிக்குது.

பையன் கை கீபோர்டு மேல அப்டியே நின்னுச்சு. "காலனியாண்ணா"ன்னு கேட்டான். அப்புறம் இன்னும் மெதுவா, "நானும் காலனி தாண்ணா. பழக்கத்துல கேட்டுட்டேன்"னான்.

நைனா அவன் தோள்ல கை வெச்சிச்சு. "ஊரு பேரு மட்டும் போடு"ன்னுச்சு.

அவன் போட்டான். பெரிய எழுத்துல வந்து நின்னுச்சு. தலய சாச்சி பாத்துட்டு, "பேருக்குப் பின்னாடி எடம் காலியா கீதுண்ணா. ஒரு மல்லிப்பூ டிசைன் வெச்சி ரொப்பிடட்டா?"ன்னு கேட்டான்.

நைனா எம்பக்கம் திரும்புச்சு.

"வோணாம்"னேன். "வெள்ளையா உடு."